ஹோரி ஏன் எதிர்த்து நிற்கவில்லை?

சில வாரங்களுக்கு முன் எங்கள் பகுதிப் படிப்பு வட்டத்தில் பிரேம்சந்தின் ‘கோதான்’ நாவலைப் பற்றி விவாதம் நடந்தது. மில்லில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் எழுந்து, கோபமாகவே பேசினார். “இந்த ஹோரியை எனக்குப் பிடிக்கவில்லை. அடிக்கிறார்கள், குனிகிறான். பிடுங்குகிறார்கள், கொடுக்கிறான். கடைசியில் செத்தும் போகிறான். ஒரு தடவைகூட நிமிர்ந்து ‘முடியாது’ என்று சொல்லவில்லை. தோற்றுப்போனவன் கதையை உழைக்கிறவன் எதற்காகப் படிக்க வேண்டும்? அவனுக்குத் தைரியம் கொடுக்கிற புத்தகங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றைக் கொடுங்கள்” என்றார்.

அவர் உட்கார்ந்ததும், மூலையில் இருந்த வயதான விவசாயத் தோழர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, நீ சொல்றது சரிதான். ஆனா நான் படிச்சப்போ ஹோரியைப் பாக்கலே. எங்க அப்பாருதான் கண்ணு முன்னாடி வந்தாரு.”

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இந்த இரண்டு பேச்சையும் அத்தோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. இளைஞரின் கேள்வி நேர்மையான கேள்வி. பலர் மனதில் இருக்கும் கேள்வியும்கூட. உழைக்கும் மக்களின் இலக்கியத்தில் தோல்வியடைந்தவனுக்கு இடம் உண்டா? அவனைச் சித்தரிப்பது அவநம்பிக்கையைப் பரப்புவதாகுமா? இதற்கு நாம் தரும் பதிலைப் பொறுத்துத்தான் எந்தப் புத்தகத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுக்கப் போகிறோம், எதைப் பரணில் போடப் போகிறோம் என்பது முடிவாகும். எனவே ஹோரியின் வழக்கை நிதானமாக விசாரிப்போம்.

எந்தக் காலத்துக் கதை?

‘கோதான்’ 1936ல் வெளிவந்தது. பிரேம்சந்த் எழுதி முடித்த கடைசி நாவல் இதுவே. அதே ஆண்டு ஏப்ரலில், லட்சுமணபுரி என்று நாம் சொல்லும் லக்னோ நகரில், அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாடு நடந்தது. அதற்குத் தலைமை வகித்தவர் பிரேம்சந்த். அதே நகரில், அதே ஏப்ரலில்தான், சுவாமி சகஜானந்த சரஸ்வதியின் தலைமையில் அகில இந்திய கிசான் சபையும் பிறந்தது. எழுத்தாளர்களும் விவசாயிகளும் ஒரே ஊரில், ஒரே மாதத்தில் ஸ்தாபனம் கண்டார்கள். அந்த அக்டோபர் 8ந் தேதி பிரேம்சந்த் காலமானார். அப்போது அவருக்கு வயது 56.

கதை நடக்கும் இடம் அந்த லக்னோவைச் சுற்றியுள்ள அவத் பிரதேசம். அங்கு நிலம் ஜமீன்தார்களுக்கும் தாலுக்தார்களுக்கும் சொந்தம். உழுகிறவன் குத்தகைக்காரன். குத்தகைக்கு மேல் நஜராணா உண்டு, வெட்டி வேலை உண்டு, பண்டிகைக்குக் காணிக்கை உண்டு. 1929ல் தொடங்கிய உலகப் பொருளாதார நெருக்கடியில் தானிய விலை சரிந்தது. ஆனால் குத்தகை அந்த அளவுக்கு இறங்கவில்லை. விளைந்ததை விற்றால் குத்தகைக்கே போதாது. மீதிக்குக் கடன். கடனுக்கு வட்டி. வட்டிக்கு மறுபடியும் கடன். இந்தச் சுழலின் நடுவில்தான் பேலாரி என்ற கிராமத்தில் ஹோரி நிற்கிறான்.

ஹோரி யார்?

ஹோரி மகாத்மா அல்ல. முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூங்கில் விற்கும்போது சொந்தத் தம்பிகளுக்குத் தெரியாமல் கொஞ்சம் காசு ஒதுக்கிக்கொள்ளப் பார்க்கிறான்; அதிலும் ஏமாந்து போகிறான். பால்காரன் போலாவுக்கு மறுமணம் செய்து வைப்பதாக ஆசை காட்டி, அவனுடைய பசுவைக் கடனுக்கு வாங்கிவிடத் திட்டம் போடுகிறான். வாசலில் ஒரு பசு கட்டியிருக்க வேண்டும் என்பது அவன் வாழ்நாள் ஆசை. குழந்தைகளுக்குப் பால் கிடைக்கும். ஊரில் மதிப்பும் உயரும்.

ஆனால் அங்கே நடப்பது என்ன? பசுவின் விலை 80 ரூபாய் என்று பேச்சு முடிந்த நேரத்தில், தீவனம் வாங்க வழியில்லாமல்தான் மாட்டை விற்கிறேன் என்று போலா வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். உடனே ஹோரியின் மனம் மாறுகிறது. கஷ்டத்தில் இருப்பவனிடம் மாட்டை வாங்குவது பாவம் என்று பட்டுவிடுகிறது. பசுவை வாங்க மறுத்து, தன் வீட்டு வைக்கோலையும் போலாவுக்குக் கொடுக்க ஒப்புக்கொள்கிறான். பசு பிறகுதான் வீடு வந்து சேருகிறது.

இந்தச் சிறு சம்பவத்தைப் பாருங்கள். ஏமாற்ற நினைத்தவன் ஏமாற்ற முடியாமல் திரும்புகிறான். வறுமை அவனுக்குத் தந்திரத்தைக் கற்றுக் கொடுத்திருக்கிறது. உழைப்பு அவனுக்கு ஈவிரக்கத்தைக் கற்றுக் கொடுத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தவன்தான் நிஜமான விவசாயி. நல்லவனாகவே பிறந்து நல்லவனாகவே சாகும் பொம்மையை பிரேம்சந்த் நமக்குக் காட்டவில்லை.

ஒரு பசுவின் கணக்கு

வீட்டுக்கு வந்த பசு நிலைக்கவில்லை. பொறாமையால் தம்பி ஹீரா அதற்கு விஷம் வைத்துவிட்டு ஓடிப்போகிறான். இங்கிருந்து தொடங்குகிறது ஹோரியின் வீழ்ச்சி. ஒவ்வொரு படியாக அதைக் கணக்கெடுத்துப் பாருங்கள்.

பசு செத்தது பற்றி விசாரிக்கப் போலீஸ் தரோகா வருகிறார். தம்பி வீட்டில் சோதனை நடந்தால் குடும்ப மானம் போய்விடும் என்று ஹோரி பயப்படுகிறான். அந்தப் பயத்தை ஊர்ப் பெரியவர்கள் விலை பேசுகிறார்கள். லஞ்சப் பணத்தை அவர்களே கடனாகக் கொடுக்கிறார்கள். அதில் அவர்களுக்கும் பங்கு.

பிறகு மகன் கோபர், போலாவின் விதவை மகள் ஜுனியாவைக் கர்ப்பிணியாக்கி, வீட்டு வாசலில் விட்டுவிட்டு லக்னோவுக்கு ஓடிவிடுகிறான். வந்த பெண்ணை ஹோரியும் மனைவி தனியாவும் துரத்தவில்லை, மருமகளாக ஏற்கிறார்கள். அந்த மனிதத்தன்மைக்காக ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் விதிக்கிறது: 100 ரூபாய் ரொக்கம், 30 மணங்கு தானியம். களத்திலிருந்து தானியத்தைத் தன் தலையிலேயே சுமந்து போய் ஜிங்குரி சிங்கின் வீட்டில் கொட்டுகிறான் ஹோரி.

பசுவின் விலை பாக்கிக்காக போலா வந்து உழவு மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறான். மாடு போனதும் சொந்த நிலத்தில் உழுதவன் புரோகிதர் தாதாதீனின் வயலில் கூலியாகிறான். கரும்பு போட்டால், சர்க்கரை ஆலையில் எடைக்குப் பணம் எண்ணும் இடத்திலேயே கடன்காரன் கை நீட்டிக்கொண்டு நிற்கிறான். மூன்று வருஷக் குத்தகை பாக்கி என்று ஜமீன் காரியஸ்தன் நோகேராம் நிலத்தைவிட்டு வெளியேற்ற வழக்குப் போடுகிறான். நிலத்தைக் காப்பாற்ற, இளைய மகள் ரூபாவைத் தன் வயதை ஒட்டிய ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்து, 200 ரூபாய் வாங்குகிறான் ஹோரி. மகளை விற்றுவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சி அவனை அறுக்கிறது.

கடைசியாக, பேரனுக்குப் பால் வேண்டும், ஒரு பசு வாங்க வேண்டும் என்று பகலில் வெயிலில் ரோட்டு வேலைக்குக் கல் வெட்டி, இரவில் கயிறு திரித்து, வெயில் தாக்கிச் சாகிறான்.

ஒரு பசுவில் தொடங்கி ஒரு பசுவில் முடிகிற இந்த வாழ்க்கையில் எந்தப் படியில் வில்லன் நிற்கிறான்? சினிமாவில் வருவது போல மீசை முறுக்கிய ஒரே ஒரு வில்லன் இங்கு இல்லை. ஜமீன்தார், காரியஸ்தன், கணக்கெழுதும் பட்வாரி, புரோகிதர், கடைக்காரி, போலீஸ் என்று ஆளுக்கொரு கயிறு பிடித்திருக்கிறார்கள். ஒருவன் கொஞ்சம் தளர்த்தினால் மற்றவன் இறுக்குகிறான். ஹோரிக்கு எதிரி ஒருவனாக இருந்திருந்தால் அவன் ஒருவேளை கை ஓங்கியிருப்பான். எதிரி ஓர் அமைப்பாக இருக்கும்போது தனி மனிதன் யார்மீது கை ஓங்குவான்?

காலில் உள்ள விலங்கு, மனதில் உள்ள விலங்கு

இளைஞர் கேட்ட கேள்விக்கு இது பாதி பதில்தான். மற்ற பாதி ஹோரியின் மனதிற்குள் இருக்கிறது.

தாதாதீனிடம் ஹோரி ஒரு மாடு வாங்க 30 ரூபாய் கடன் பட்டான். வருஷங்கள் ஓடின, அது 200 ரூபாய் ஆகிவிட்டது என்கிறார் புரோகிதர். பட்டணத்திலிருந்து திரும்பிய மகன் கோபர் கணக்குப் போட்டு, நியாய வட்டிப்படி 70 ரூபாய்தான் வரும், அதற்கு மேல் ஒரு காசு தரமுடியாது என்று மறுக்கிறான். சட்டத்தைப் பேசினால் புரோகிதர் ஜெயிக்க முடியாது. அவர் சட்டத்தைப் பேசவில்லை. பிராமணன் பணம் ஜீரணிக்காது என்று சபிக்கிறார். கோபருக்கு அது சிரிப்பு. ஹோரிக்கோ நடுக்கம். ஓடிப்போய், முழுக் கடனையும் கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான்.

அந்த இடத்தில் வெற்றி பெற்றது புரோகிதரின் பலமா? இல்லை. அவர் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஹோரியின் மனதில் விதைத்த பயம்தான் வெற்றி பெற்றது. சுரண்டுகிறவனுக்குப் போலீசைவிட மலிவான காவலாளி சுரண்டப்படுகிறவனின் மனதிலேயே கிடைக்கிறான்.

பாவம், புண்ணியம், குலப் பெருமை, ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் இவற்றையெல்லாம் ஹோரி ‘மரியாதை’ என்ற ஒரே சொல்லில் அடக்குகிறான். தம்பி வீட்டில் சோதனை கூடாது என்பதும் மரியாதை. பஞ்சாயத்துத் தீர்ப்பை மீறக்கூடாது என்பதும் மரியாதை. கூலிக்காரனாகிவிட்ட பின்னும் விவசாயி என்ற பட்டத்தை விடக்கூடாது என்பதும் மரியாதை. வேதனை என்னவென்றால், ஹோரியின் மிகச் சிறந்த குணங்களும் இதே வேரிலிருந்துதான் வருகின்றன. தனக்குத் துரோகம் செய்துவிட்டு ஓடிப்போன தம்பியின் வயலையும் சேர்த்து உழுது அவன் மனைவியைப் பட்டினியில்லாமல் காப்பாற்றுவதும் இதே மரியாதைதான். அவனை வாழவைப்பதும் அதுதான், கொல்லுவதும் அதுதான். இதைவிடக் கூர்மையாக நிலப்பிரபுத்துவ தர்மத்தின் இரட்டை முகத்தைக் காட்டிய இந்திய நாவல்கள் அதிகமில்லை.

இனிக்கப் பேசும் எஜமானர்கள்

ஹோரியின் எஜமானர் ராய் சாகேப் அமர்பால் சிங். தேசிய இயக்கத்தில் சிறைக்குப் போனவர். குடியானவர்கள் அவரை மதிக்கிறார்கள். நாவலின் தொடக்கத்திலேயே ஹோரியை எதிரில் உட்காரவைத்துத் தன் வர்க்கத்தின் சீரழிவைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறார். எங்கள் சொத்தே எங்களைக் கெடுத்துவிட்டது, நாங்கள் அழிந்தால்தான் எங்களுக்கு விமோசனம் என்ற தோரணையில் சொல்கிறார். கேட்கும் ஹோரி உருகிப் போகிறான்.

அந்த நேரத்தில் ஒரு ஆள் வந்து, வெட்டி வேலைக்கு வந்தவர்கள் சாப்பாடு கேட்டு வேலையை நிறுத்திவிட்டார்கள் என்கிறான். அவ்வளவுதான். ராய் சாகேபின் முகம் மாறுகிறது, நெற்றி சுருங்குகிறது, அவர்களுக்குப் பாடம் கற்பிக்க எழுந்து போகிறார். சற்று முன் பேசிய தத்துவம் எங்கே போயிற்று?

பிரேம்சந்த் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அவர் வருந்தியதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் வருத்தம் வேறு, வருமானம் வேறு. இரண்டும் மோதும்போது எது ஜெயிக்கும் என்பதை ஒரு பக்கத்திற்குள் ஆசிரியர் காட்டிவிடுகிறார்.

சர்க்கரை ஆலை முதலாளி கன்னாவும் இப்படித்தான். கதர் அணிகிறார், சிறைக்கும் போனவர். ஆனால் அருந்துவது பிரெஞ்சு தேசத்து மது. ஆலையில் கூலி வெட்டு வருகிறது. வேலைநிறுத்தம் தொடங்குகிறது. கருங்காலிகளை இறக்குகிறார் கன்னா. மோதலில் கோபர் எலும்பு முறிய அடிபடுகிறான்.

பத்திரிகைக்காரர்களும் தப்பவில்லை. ஹோரிக்கு விதித்த அபராதச் செய்தி ஆசிரியர் ஓங்கார்நாத்தின் கைக்கு வருகிறது. பிரசுரித்து ஜமீன் கொடுமையை அம்பலப்படுத்துவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவரோ ராய் சாகேபிடமிருந்து சந்தாக்கள் என்ற பெயரில் பணம் பெற்றுக்கொண்டு மௌனமாகிறார். ராய் சாகேப் மட்டும் சளைத்தவரா? ஹோரியிடம் பிடுங்கிய அபராதம் தவறு என்று அவர் சொல்லவில்லை. அது தன் கஜானாவுக்கு வந்திருக்க வேண்டும் என்றுதான் காரியஸ்தனைக் கோபிக்கிறார். பத்திரிகை நடத்தும் நாமும் அடிக்கடி படிக்க வேண்டிய பக்கங்கள் இவை.

‘முடியாது’ என்று சொன்னவர்கள்

பேலாரியில் யாருமே எதிர்க்கவில்லையா? இளைஞர் ஹோரியையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவனுக்குப் பக்கத்தில் நின்றவளைக் கவனிக்கவில்லை.

தரோகாவுக்குக் கொடுக்க ஹோரி துண்டில் முடிந்து கொண்டுவந்த ரூபாயைத் தட்டிப் பறித்து, எல்லார் முன்னிலையிலும் தரையில் சிதற விட்டவள் யார்? தனியா. பொரிந்து தள்ளி, தரோகாவையும் ஊர்ப் பெரியவர்களையும் ஒருசேரத் தலைகுனிய வைத்தவள் அவள். அபராதத் தானியத்தைச் சுமக்காதே என்று கணவனை மறித்தவளும் அவளே. வாசலில் நின்ற ஜுனியாவை அடிக்க எழுந்து, அடுத்த கணமே அணைத்துக்கொண்டவளும் அவளே. எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கிழத்திதான் நாவலின் உண்மையான நீதிபதி. ஒவ்வொரு அநியாயத்துக்கும் அது நடக்கும் கணத்திலேயே அவள் தீர்ப்பு எழுதிவிடுகிறாள்.

அவளும் முழு விடுதலை பெற்றவள் அல்ல. மூத்த மகள் சோனாவின் கல்யாணத்துக்கு வரதட்சணை வேண்டாம் என்று சம்பந்தி வீட்டார் சொன்ன பிறகும், நம் மரியாதைக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்று கடன் வாங்கச் சொல்கிறவள் இதே தனியாதான். மனவிலங்கு எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அடுத்து கோபர். ஹோலிப் பண்டிகையன்று ஊர் இளைஞர்களைச் சேர்த்து அவன் ஒரு கேலிக் கூத்து நடத்துகிறான். 10 ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக்கொண்டு, காணிக்கை, எழுத்துக் கூலி, காகிதம், தஸ்தூரி, வட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டு 5 ரூபாயை நீட்டும் லேவாதேவிக்காரனை மேடையேற்றுகிறான். ஊரே சிரிக்கிறது. பயந்து நடுங்கிய ஜனங்கள் முதல் தடவையாக எஜமானனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு சின்ன விஷயமல்ல.

மூன்றாவது, தாழ்த்தப்பட்ட மக்கள். புரோகிதரின் மகன் மாதாதீன், சிலியா என்ற சமார் சாதிப் பெண்ணை வைத்துக்கொண்டு, களத்தில் அவளிடம் வேலையும் வாங்கிக்கொள்கிறான். மனைவி என்ற உரிமையை மட்டும் தர மறுக்கிறான். அவளுடைய உறவினர்கள் திரண்டு வந்து அவன் வாயில் எலும்புத் துண்டைத் திணிக்கிறார்கள். எங்களை உங்கள் சாதியில் சேர்க்க முடியாதென்றால் நீ எங்கள் சாதிக்கு வா என்பது அந்தச் செயலின் பொருள். நாவலின் மிகத் துணிச்சலான கலகம் அதுவே. பின்னர் மாதாதீன் பூணூலை அறுத்துப் போட்டுவிட்டு சிலியாவோடு வாழ வருகிறான். 1936ல் இதை எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

ஆக, பேலாரியில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. எதிர்ப்புகள் தனித்தனியாக இருக்கின்றன. தனியாவின் நாக்கும், கோபரின் கேலியும், சிலியா உறவினரின் கையும் ஒன்று சேரவில்லை. ஹோரியின் சாவுக்குக் காரணம் கோழைத்தனமல்ல, இந்தச் சேராமையே.

எங்கெல்ஸ் என்ன சொல்லியிருப்பார்?

இந்த இடத்தில் விஷயம் தெரிந்த தோழர் ஒருவர் எழுந்து ஒரு ஆட்சேபணை எழுப்பலாம். 1888ல் மார்கரெட் ஹார்க்னஸ் என்ற ஆங்கில எழுத்தாளருக்கு எங்கெல்ஸ் எழுதிய கடிதத்தில், உழைக்கும் வர்க்கத்தைச் செயலற்ற கூட்டமாக மட்டும் காட்டுவது போதிய யதார்த்தம் ஆகாது என்று விமர்சித்தாரே, அது பிரேம்சந்துக்கும் பொருந்தாதா? அவத் பகுதியில் 1920-21லேயே பாபா ராமச்சந்திரா போன்றோர் தலைமையில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் திரண்டார்களே, அது பேலாரியில் எங்கே?

நியாயமான ஆட்சேபணை. பிரேம்சந்துக்கு அந்த இயக்கம் தெரியாததல்ல. 1922ல் வெளிவந்த அவருடைய ‘பிரேமாஸ்ரமம்’ நாவலில் பல்ராஜ் என்ற விவசாய இளைஞன் ருஷ்யாவில் விவசாயிகளின் ஆட்சி நடப்பதைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டுப் பேசுகிறான். ஜமீன் ஆளை வெட்டிச் சாய்க்கும் விவசாயியும் அதில் உண்டு. அப்படியானால் ‘பிரேமாஸ்ரமம்’ உயர்ந்தது, ‘கோதான்’ தாழ்ந்ததா?

இல்லை. ‘பிரேமாஸ்ரமம்’ எப்படி முடிகிறது? ஜமீன் வாரிசு மனம் மாறி உரிமைகளைத் துறக்கிறான், கிராமம் செழிக்கிறது. வீரமான விவசாயிகளைக் காட்டிவிட்டு, விடுதலையை மட்டும் எஜமானனின் நல்ல மனசிலிருந்து வரவழைத்தார் ஆசிரியர். அன்று அவருக்கு அந்த நம்பிக்கை இருந்தது. 14 வருஷங்கள் கழிந்து ‘கோதான்’ எழுதும்போது அந்த நம்பிக்கை உடைந்துவிட்டது. ராய் சாகேப் மனம் மாறவில்லை, மாறப் போவதுமில்லை. இங்கே ஆஸ்ரமம் இல்லை, அற்புதம் இல்லை. பொய்யான விடுதலையைக் காட்டுவதைவிட உண்மையான தோல்வியைக் காட்டுவதே மேல் என்று பிரேம்சந்த் முடிவு செய்தார். என் கருத்தில் இது பின்வாங்கல் அல்ல, பெரிய முன்னேற்றம்.

அதே எங்கெல்ஸ்தான் 1885ல் மின்னா காவுட்ஸ்கிக்கு எழுதிய கடிதத்தில், ஆசிரியர் தீர்வைத் தட்டில் வைத்துத் தரவேண்டிய கட்டாயமில்லை, நோக்கம் சம்பவங்களிலிருந்து தானே வெளிப்பட வேண்டும் என்ற கருத்தையும் சொன்னவர். அந்த அளவுகோலில் ‘கோதான்’ தலைநிமிர்ந்து நிற்கிறது.

குறைகளே இல்லையா? உண்டு. லக்னோ நகரத்துப் பகுதிகள் நீளமானவை. கிராமத்துப் பகுதிகளின் உயிர் அவற்றில் இல்லை. புரொபசர் மேத்தா பெண்ணின் தியாகத்தைப் பற்றிச் செய்யும் பிரசங்கம் இன்று படிக்கும்போது உறுத்துகிறது. ஆனால் அதற்குப் பதிலும் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. மேத்தாவின் பிரசங்கத்தைத் தனியாவின் ஒரு கூச்சல் தகர்த்துவிடுகிறது. ஆலை வேலைநிறுத்தத்தை எழுதிய கையில், வயலை எழுதிய கையின் பழக்கம் இல்லை என்பதும் உண்மை. இவற்றை மறைத்துப் புகழ வேண்டிய அவசியம் பிரேம்சந்துக்கு இல்லை.

20 அணா

முடிவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹோரி இறந்து கொண்டிருக்கிறான். ஆத்மா கரையேறக் கோதானம் செய்யவேண்டும் என்கிறார்கள். பசு வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஏங்கியவன், கடைசியில் ஒரு பசுவைத் தானம் செய்துவிட்டுத்தான் சாகவேண்டுமாம்! வீட்டில் பசுவும் இல்லை, கன்றும் இல்லை. கயிறு விற்று வந்த 20 அணாவைக் கொண்டுவந்து, இதுதான் எங்கள் கோதானம் என்று கணவனின் குளிர்ந்த கையில் வைத்து, எதிரில் நிற்கும் தாதாதீனிடம் கொடுத்துவிட்டு மயங்கி விழுகிறாள் தனியா.

வாங்குகிறவர் யார்? 30 ரூபாயை 200 ஆக்கிய அதே தாதாதீன். உயிரோடு இருந்தபோது பிடுங்கியது போதாதென்று சாவிலும் கை நீட்டுகிறது சமுதாயம். ஆசிரியர் கோபமாக ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. கோபப்பட வேண்டிய வேலையை நம்மிடம் விட்டுவிட்டார்.

நம் இளைஞத் தோழருக்கு வந்த கோபம் அந்தக் கோபம்தான். ஆனால் அவர் அதை ஹோரியின்மீது காட்டினார். அடிபட்டவனைப் பார்த்து ‘ஏன் அடி வாங்கினாய்?’ என்று கேட்பது சுலபம். நாளை நம் கிராமத்தில் ஒரு ஹோரி சங்கத்துக்கு வரத் தயங்கும்போதும் அதே கேள்வியைத்தான் கேட்போம். அவன் மேலும் தயங்கிப் பின்வாங்குவான். அவன் ஏன் தயங்குகிறான், எந்தப் பயம், எந்த மரியாதை, எத்தனை கடன் அவனைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தவனால்தான் அவன் தோளில் கை போட முடியும். அதைக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் ‘கோதான்’.

உத்திரப் பிரதேசத்தில் 1952ல் ஜமீன்தாரி ஒழிந்தது. ராய் சாகேபின் பட்டம் போயிற்று. ஹோரியின் கடன் போயிற்றா? வட்டிக்கு விடுகிறவனின் பெயரும் பத்திரத்தின் வடிவமும் மாறின; விளைவித்தவன் விலையை வேறு எவனோ நிர்ணயிக்கும் நிலை மாறவில்லை. ஆனால் வேறொன்று மாறியது. 2020 நவம்பரில் டில்லி எல்லைகளில் வந்து உட்கார்ந்த விவசாயிகள், குளிரிலும் வெயிலிலும் ஓராண்டுக்கு மேல் எழுந்திருக்கவில்லை. 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் வாபஸ் ஆயின. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் வேறு யாருமல்ல; ஹோரியின் பேரப்பிள்ளைகளும் தனியாவின் பேத்திகளும்தான். தனித்தனியே இருந்தவை அங்கே ஒன்று சேர்ந்தன.

ஆகவே, தம்பி, புத்தகத்தைப் பரணில் போடாதே. இன்னொரு தடவை படி. இந்தத் தடவை ஹோரியின் குனிந்த முதுகை மட்டும் பார்க்காதே. அந்த முதுகின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே படி. படித்து முடித்ததும் மூலையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரிடம் போய், உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா என்று கேள். அடுத்த வாரப் படிப்பு வட்டத்திற்கு அதையே பொருளாக வைத்துக்கொள்வோம்.